முதல் மிதி

என் வீட்டுக்காரர் கரியனுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குப் போய், மெஷின் பக்கத்தில் நாலு மணி நேரம் படுத்து, இரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வரவேண்டும். நாங்கள் இருப்பதோ கல்வராயன் மலைமேல் ஈச்சங்குழியில். முப்பத்திரண்டு வீடு. பஸ் போகிற பெரிய ரோட்டுக்கு ஏழு கிலோமீட்டர். நடுவில் மூன்று ஓடை, ஒரு மூங்கில் காடு, காட்டெருமை தண்ணீர் குடிக்க இறங்கும் ஒரு பள்ளம். மரவள்ளிக் கிழங்கு ஏற்ற வரும் டெம்போ கிடைத்தால் அதில் போவோம். கிடைக்காவிட்டால் யார் காலிலாவது விழுந்து பைக்கில் போவோம். ஐப்பசியில் இரண்டாவது ஓடை பெருகி ஒரு வெள்ளிக்கிழமை தவறிப்போனது. மனுஷன் முகமெல்லாம் வீங்கி மூச்சுக்குத் தவித்துவிட்டார்.

அடுத்த தடவை போனபோது டாக்டரம்மா என்னைத்தான் திட்டினார். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே வீடு எடுத்துத் தங்கச் சொன்னார். திட்டினாலும் நியாயம்தானே. அன்றைக்கே ஒரு அறையைப் போய்ப் பார்த்தோம். ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். வீட்டுக்கார அம்மா நல்லவர், நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். கரியன் உட்காராமல் அந்தச் சுவரையே பார்த்துவிட்டு, "ஏம்மா, இங்க மழ எந்தப் பக்கத்துல இருந்து வருங்க?" என்று கேட்டார். அந்த அம்மா ஜன்னல் பக்கம் போய் எட்டிப் பார்த்தார்.

எங்கள் மலையில் மழை மேற்கே கரடிப்பாறைக்குப் பின்னால் இருந்து வரும். முதலில் கடுக்காய் மரங்கள் சலசலக்கும், அப்புறம் மூங்கில், அப்புறம்தான் நம் கூரை. அதை வைத்தே அவர் மாட்டை அவிழ்ப்பார், சாமைக் கதிரை மூடுவார். வெயில் தெளிந்த நாளில் எங்கள் காட்டு வரப்பில் நின்றால் தூரத்தில் தியாகதுருகம் கோட்டைமலை கவிழ்த்த சட்டி மாதிரி தெரியும். இதை எல்லாம் விட்டுவிட்டு அவர் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், மெஷின் எத்தனை சுத்தம் செய்து என்ன பிரயோசனம்? ஆனால் ஆள் உயிரோடு இருக்கவேண்டுமே! அதனால் நான்தான் வாயைத் திறந்தேன்.

"இத பாருய்யா. நம்ம ஊருக்கு ரோடு போட்டாச்சி, பஸ்ஸு கேட்டு மனுவும் குடுத்தாச்சி. பஸ்ஸு வந்தா இங்கயே இருப்போம். வரலன்னா தை பொறந்ததும் மூட்டையக் கட்டிக்கினு கீழ எறங்கிடணும். அப்பால ஒரு பேச்சு கூடாது."

"சரி" என்றார். அவர் இவ்வளவு சுலபமாக எதற்கும் சரி சொன்னதே இல்லை.

கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை பஸ்ஸை ஓட்டிப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. அன்றைக்குத்தான் இந்த ஊர் தன் புத்தியைக் காட்டியது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். சாமை அறுத்ததும் வீட்டுக்கு ஒரு கட்டு கொண்டுபோய் ஊர்ப் பாறையில் பரப்பி, மாடுகளின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி மிதிக்க விடுவோம். அதற்குப் பெயர் முதல் மிதி. அது நடக்கும்வரை எந்த வீட்டிலும் புதுச் சாமை உலையில் ஏறாது. அந்த வருஷம் அறுப்பு முடிந்து, மிதி மட்டும் பாக்கி. நம் ஆளுக்கு எங்கிருந்துதான் அந்த யோசனை வந்ததோ! ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று, "இந்த வருசம் மொத மிதிய பஸ்ஸு மிதிக்கட்டும். நம்ம வூட்டுக்கு வர்ற லட்சுமி அது" என்றார். கீழ்நாட்டில் தார் ரோட்டில் கேழ்வரகைப் பரப்பி வண்டிகளை ஏறவிடுவதை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் பார்த்திருக்கிறார், அதன் வினை. ஊரே கைதட்டியது. பொய் சொல்லக்கூடாது, நானும் தட்டினேன். விடிந்ததும் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு போய் ரோட்டில் நானும்தான் பரப்பினேன்.

ஊர் முகப்பில் சமதரையாக இருக்கும் இடத்தோடு நின்றிருந்தால் வம்பு இல்லை. முப்பத்திரண்டு கட்டும் அங்கே கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு, கரியனுக்கு அண்ணி முறை, கடைசியாக வந்தாள். இடமில்லை என்று மேட்டு வளைவிலேயே பரப்பிவிட்டாள். அவள் கட்டுதான் இருப்பதிலேயே பெரியது. அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் அங்கேயே போட்டார்கள். பனி வேறு இறங்கி வைக்கோல் நனைந்து கிடந்தது.

பத்து மணிக்கு மூங்கில் காட்டுக்குள் ஹாரன் கேட்டது. பிறகு மூன்றாவது ஓடையைத் தாண்டும் சத்தம். மயில்கள் கத்திக்கொண்டு பறந்தன. மரங்களுக்கு நடுவே பஸ்ஸின் நெற்றி தெரிந்ததும் பெண்கள் குலவை போட்டார்கள். கரியன் மஞ்சள் தண்ணீர்ச் சொம்போடு முன்னால் நின்றார். மெஷினில் படுக்க ஆரம்பித்த இந்த ஒன்பது மாதத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை.

பஸ் வளைவில் ஏறியது. பின்சக்கரம் வைக்கோலில் மாட்டி, நின்ற இடத்திலேயே சுற்றியது. வண்டி முக்கியது, முனகியது, பிறகு மெல்லப் பின்னால் வழுக்கியது. ஐயோ என்று எல்லாரும் ஒரே குரலாகக் கத்தினோம். டிரைவர் கெட்டிக்காரர். பள்ளம் இருக்கும் பக்கம் விடாமல் ஒடித்து மண்மேட்டில் முட்டி நிறுத்தினார்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி பஸ்ஸிலிருந்து இறங்கினார். இறங்கியதும் பேனாவை எடுத்தார்.

"என்னய்யா விளையாட்டு இது? ஒரு பஸ் முழுக்க ஜனம் இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்? இந்த ரோடு பஸ்ஸுக்கு லாயக்கில்லைன்னு எழுதிடறேன்."

முதலில் சின்னப்பொண்ணுமேல்தான் பாய்ந்தேன்.

"அறிவு கீதா ஒனக்கு? மேட்டுல போய் யாராச்சும் போடுவாங்களா? எங்க குடியக் கெடுக்கத்தான் பொறந்தியா?"

"ஏண்டி, உன் ஊட்டுக்காரன் சொல்லித்தானே போட்டோம்! அவன இன்னான்னு கேளேன்!"

அவரைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. சொம்பைப் பிடித்தபடியே அவர் ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "நானே கெடுத்துட்டேன் ராணி" என்றார். நான் நேராக அதிகாரி முன்னால் போய் நின்றேன்.

"சார், தப்பு எங்களுது. ரோட்டு மேல தப்பு இல்ல. வைக்கல வாரிப் போட்டுட்டா இது சுத்தமான ரோடு. இன்னொரு வாட்டி ஏத்திப் பாருங்க. ஏறலன்னா எழுதிக்கினு போங்க, நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன்."

"நான் அடுத்த ஊருக்குப் போகணும்மா."

டிரைவர் வெற்றிவேல் சக்கரத்துக்கு அடியில் குனிந்து வைக்கோலைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நைனார்பாளையத்துக்காரராம். நிமிர்ந்து சிரித்தார்.

"சார், எங்க ஊர் ரோட்ல வருசத்துக்கு மூணு மாசம் கேவுருதான். காஞ்சி கெடந்தா ஒண்ணும் பண்ணாது. இவங்க பனியோட போட்டுட்டாங்க. கால் மணி நேரம் குடுங்க, நான் ஏத்திக் காட்றேன்."

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கால் மணி நேரம். அதுக்கு மேல நிக்க மாட்டேன்."

அடடா, அந்தக் கால் மணி நேரம்! துடைப்பம், முறம், புடவை முந்தானை, கை என்று கிடைத்ததை எல்லாம் வைத்து ஊரே ரோட்டில் இறங்கியது. வைக்கோலை வாரிவிடலாம். உதிர்ந்த சாமைதான் காலுக்கடியில் உருண்டு எங்களையே வழுக்கிவிட்டது. அதையும் கூட்டி அள்ளி, ஈரத்தின்மேல் செம்மண்ணை வாரி இறைத்தோம். மெஷினுக்கு ஊசி குத்தும் இடது கையில் கரியன் பாரம் தூக்கக்கூடாது. மண்டியிட்டு, வலது கையாலேயே சாமை மணியை ஒதுக்கிக்கொண்டு போனார். நான் தடுக்கவில்லை. என்னைத் திட்டிக்கொண்டே சின்னப்பொண்ணு கூட்டினாள், அவளைத் திட்டிக்கொண்டே நானும் கூட்டினேன்.

வெற்றிவேல் பஸ்ஸைக் கீழ் வளைவுவரை பின்னால் இறக்கி, கியரை மாற்றி எடுத்தார். இந்தத் தடவை யாரும் குலவை போடவில்லை. சக்கரம் வளைவுக்கு வந்தது. ஒரு நொடி தயங்கியது. பிறகு முறுக்கிக்கொண்டு ஏறி, ஊர் முகப்பில், புளியமரத்தடியில் வந்து நின்றது. வெற்றிவேல் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "வூட்டுக்கு வந்துட்டேன், தண்ணி கிண்ணி உண்டா?" என்றார். அப்புறம் என்ன, ஒரே கூச்சல்தான்.

அதிகாரியும் மோர் குடித்தார். கோபம் தணிந்திருந்தது. "ரோட்டுல எதையும் காயப்போட மாட்டோம்னு எல்லாரும் கையெழுத்துப் போடுங்க" என்று ஒரு தாளை நீட்டினார். போட்டோம். பிறகு சொன்னார்.

"இப்போதைக்கு வாரத்துல ரெண்டு நாள்தான் விட முடியும். காலையில ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. மனுவுல சந்தை நாள்னு கேட்டிருக்கீங்க. ஞாயிறு, புதன். அதையே எழுதிடலாமா?"

என் தலையில் இடி விழுந்தது. பஸ் என்றால் தினமும் வரும் என்று நினைத்திருந்தேனே தவிர, இப்படி ஒரு கேள்வி வரும் என்று நினைக்கவே இல்லை. ஞாயிறும் புதனும் வந்து எங்களுக்கு என்ன ஆகப்போகிறது? ஆனால் எப்படிக் கேட்பேன்? முப்பத்திரண்டு வீட்டுக் கிழங்கும் புளியும் பலாப்பழமும் தலைச்சுமையாகத்தான் ஏழு கிலோமீட்டர் போகின்றன. அந்தச் சுமைக்காகத்தான் ஊர் மனுவே போட்டது. என் ஒருத்தி வீட்டுக்காக அதை விடு என்று எந்த வாயால் சொல்வது? கரியனும் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"செவ்வா, வெள்ளி" என்று ஒரு குரல் கேட்டது.

சின்னப்பொண்ணு. கூட்டிய துடைப்பம் இன்னும் கையிலேயே இருந்தது.

அதிகாரி தாளைப் பார்த்தார். "ஞாயிறு, புதன்னு இருக்கேம்மா?"

"அது பழைய மனுங்க சார். சந்தைக்கு எங்களுக்குக் காலு கீது, நடந்துடுவோம். நீங்க செவ்வா, வெள்ளின்னு எழுதுங்க."

"ஊர்ல எல்லாருக்கும் சம்மதமா?"

நான் திரும்பிப் பார்த்தேன். கிழங்கு சுமந்து சுமந்து கழுத்து சாய்ந்துபோன பாவாயி நின்றாள். பலாப்பழம் விற்கும் மாயவன் நின்றான். "செவ்வா, வெள்ளிங்க" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். மாற்றிச் சொல்ல ஒருவர்கூட இல்லை. அதிகாரி எழுதினார்.

சின்னப்பொண்ணு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னாடி, இம்மா நேரம் வாய் கிழிஞ்சிது, இப்போ பேச்சையே காணோம்?"

நான் அப்படியே நடுரோட்டில் உட்கார்ந்து, அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஊரே பார்க்கப் பார்க்க அழுதேன்.