பாட்டு நின்ற இடம்

பரமலிங்கத்தார் பாட்டுக் கேட்கிற மனிதர் அல்ல. நீர்வேலியில் அவருடைய வாழைத்தோட்டத்துக்குள் இருபது வருடமாக ஒரு றேடியோ கூடப் பாடியது கிடையாது. அப்படிப்பட்டவர் காரில் பாட்டு வரவில்லை என்று மூன்றாவது கடையின் வாசலில் வந்து நின்றால் ஊர் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும். பாட்டு நின்றது அவருக்கு ஒரு பொருட்டே அல்ல. அது ஏன் நின்றது என்று தெரியாமல்தான் மூன்று கிழமையாக மனிதர் நித்திரையில்லாமல் புரண்டுகொண்டிருந்தார்.

சங்கதி இதுதான். மகள் தக்சாயினிக்கு இதற்கு முதல் இரண்டு தடவை வயிற்றில் தங்கிய பிள்ளை நாலாம் மாதத்தோடு போய்விட்டது. மூன்றாவது, முருகன் செயலால், ஏழாம் மாதத்தைத் தொட்டது. அப்படித் தொட்டால், அவளைக் கிளினிக்குக்கு ஏற்றி இறக்குகிற காரில் ஒரு வேல் வைப்பதாகப் பரமலிங்கத்தாரின் மனைவி கனகாம்பிகை நேர்ந்திருந்தாள். மூன்று பேருமாக நல்லூர்க் கோயிலுக்குப் போய், சாண் நீளம்கூட இல்லாத ஒரு பித்தளை வேலை அர்ச்சனைத் தட்டில் வைத்து எடுத்து, சந்தனமும் குங்குமமுமாகக் காருக்குக் கொண்டுவந்தார்கள்.

பசை போட்டு ஒட்டினால் போதும் என்று மருமகன் பிரவீணன் வீட்டிலேயே சொல்லியிருந்தான். பரமலிங்கத்தாருக்குப் பசையில் நம்பிக்கை இல்லை. ஒரு முட்டுப் போதுமான வாழைக்கு இரண்டு முட்டுக் கொடுக்கிற கை அது. குண்டுங்குழியுமான ஒழுங்கைக் கிடங்குகளில் கார் விழுந்தெழும்பும்போது வேல் கழன்று விழுந்தால், அதுவும் மகள் உள்ளே இருக்கும்போது விழுந்தால், அதைவிட வேறு வினை வேண்டுமா? ஒன்றரை அங்குலத் திருகாணி ஒன்றைச் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டுதான் அவர் கோயிலுக்கே போயிருந்தார்.

நல்ல நேரம் முடிய ஐந்து நிமிடம் இருந்தது. மகளுக்கு வெக்கை தாங்காது என்று ஏசியைப் போட்டுக் காரை இயக்கத்தில் விட்டிருந்தார். காரின் றேடியோ செற்றில் முருகன் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. முன்கண்ணாடிக்கும் இடப்பக்கக் கதவுக்கும் நடுவில் இருக்கிற தூணில் வேலை வைத்துப் பிடித்துத் திருகாணியை ஏற்றினார். முருகா, இந்த ஒன்றையாவது விட்டுவை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு கடைசித் திருகலைக் கொடுத்தார். பாட்டு நின்றது.

குறைந்து குறைந்து நிற்கவில்லை, கரகரத்து நிற்கவில்லை. வாயைப் பொத்தினதுபோல் நின்றது. மகள் பின்சீற்றில் போனுக்குள் தலையை விட்டிருந்தாள். கனகாம்பிகை கண்ணை மூடிக் கும்பிட்டபடி இருந்தாள். நல்லகாலம், இரண்டு பேரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, "போவமே?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காரை எடுத்தார்.

செற் பழுதாக ஆயிரம் நேரம் இருக்க, அந்த நேரம் பார்த்தா பழுதாக வேண்டும்? இதை அவர் யாரிடமும் கேட்கவில்லை. மனைவியிடம் சொன்னால் அழுவாள், மருமகனிடம் சொன்னால் சிரிப்பான், ஐயரிடம் சொன்னால் இன்னொரு பரிகாரம் சொல்வார். கார்க் கடைக்காரன் யாராவது, இது சாதாரணப் பழுது, இன்ன காரணத்தால் வந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அலைந்தார்.

முதல் கடைக்காரன், "செற் எரிஞ்சுபோச்சு ஐயா, புதுசுதான் போடவேணும்" என்றான். எரிந்துபோச்சு என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் பரமலிங்கத்தார் காரைத் திருப்பிவிட்டார். இரண்டாவது கடைக்காரன் கதவு ஸ்பீக்கர் இரண்டையும் மாற்றினான். பாட்டு வந்தது. கடை வாசல் தாண்டி முதல் கிடங்கில் விழுந்ததும் மறுபடியும் நின்றது. வராமலே இருந்திருக்கலாம். வந்துவிட்டுப் போவது என்றால் என்ன என்று அந்த வீட்டுக்கு ஏற்கெனவே தெரியும்.

மூன்றாவது கடை மானிப்பாயில் இருந்தது. கடைக்காரன் கிறிஸ்துநாயகத்துக்கு நாற்பது வயது இருக்கும். அளந்து பார்க்காமல் ஒரு சாமானையும் மாற்றமாட்டான் என்று பெயர் எடுத்தவன். காருக்குள் ஏறி இருந்துகொண்டு முதலில் வாயால் விசாரித்தான்.

"எப்ப நிண்டது அண்ணை?"

"மூண்டு கிழமை இருக்கும்."

"நிக்கேக்கை நீங்கள் என்ன செய்துகொண்டு நிண்டனீங்கள்?"

"சும்மா நிண்டனான்."

முருகனுக்கு வேல் பூட்டியதைச் சும்மா நின்றதாகச் சொன்ன முதல் சைவக்காரன் அவராகத்தான் இருப்பார்.

கிறிஸ்துநாயகம் செற்றைக் கழற்றி வெளியே இழுத்துப் பின்பக்க வயர்களைப் பிரித்தான். "ஒரு ஸ்பீக்கருக்கு ரெண்டு வயர். நாலுக்கு எட்டு. இந்த எட்டிலை ஒண்டும் காரின்ரை தகரத்திலை முட்டப்படாது. முட்டிச்சுதெண்டால், செற் தன்னைக் காப்பாத்திக்கொள்ள வாயை மூடிவிடும்." தொடர்பு இருந்தால் கத்துகிற மீற்றரின் ஒரு முனையைக் காரின் இரும்பில் வைத்துக்கொண்டு, மறுமுனையால் வயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டான். ஆறு வயருக்கு மீற்றர் பேசாமல் இருந்தது. ஏழாவதிலும் எட்டாவதிலும் கீ என்று கத்தியது.

"ஆள் அம்பிட்டான். முன் இடப்பக்கம்."

அந்தச் சோடியை மட்டும் கழற்றி விட்டுச் செற்றைத் திரும்பக் கொழுவினான். மற்ற மூன்று ஸ்பீக்கரிலும் பாட்டு வந்தது. பரமலிங்கத்தாருக்கு அரை உயிர் திரும்பிவிட்டது. "அப்ப செற் எரியேல்லை?"

"எரியேல்லை. அது பாவம், சுகமாய் இருக்குது."

"தானாய் நிண்டதோ தம்பி?"

"தானாய் ஒண்டும் நிக்காது அண்ணை."

திரும்பின அரை உயிரும் மறுபடி போய்விட்டது.

கிறிஸ்துநாயகம் இடப்பக்கக் கதவைத் திறந்து ஸ்பீக்கரைக் கழற்றினான். மீற்றர் இன்னும் கத்தியது. ஆக ஸ்பீக்கரில் குற்றம் இல்லை, வயரில்தான். கதவுக்குள் வயர் நுழைகிற றப்பரை இழுத்துப் பார்த்தான். அங்கேயும் வயர் புதிது மாதிரி இருந்தது. "இனி மிச்சம் ஒரே இடந்தான். இதே வயரிலை ஒரு கிளை மேலை போகுது, தூணிலை இருக்கிற சின்ன ஸ்பீக்கருக்கு" என்று சொல்லிக்கொண்டு தூணின் பிளாஸ்ரிக் மூடியைக் கழற்றக் கை நீட்டினவன், அப்படியே கையை இழுத்துக்கொண்டான். மூடிக்கு நடுவே வேல். வேலில் அன்று காலை வைத்த செவ்வரத்தம்பூ.

"அண்ணை, சாமி இருக்குது. நான் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போறவன். நான் கை வைக்கிறது சரியில்லை." பிறகு யோசித்துக் கேட்டான். "முதல் பாத்த ரெண்டு பேரும் இந்த மூடியைக் கழட்டினவையோ?"

பரமலிங்கத்தார் நினைத்துப் பார்த்தார். இரண்டு பேரும் சைவக்காரர்தான். இரண்டு பேரும் காருக்குள் ஏறினவுடன் வேலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அதன்பிறகு கார் முழுவதையும் குடைந்தார்கள், அந்த ஒரு சாணைத் தவிர.

"இல்லைத் தம்பி."

"அப்ப நீங்கள்தான் எடுத்துத் தரவேணும்."

"பிள்ளை பிறக்குமட்டும் அதை எடுக்கேலாது."

சொன்ன பிறகுதான் தன் குரல் உயர்ந்திருந்தது அவருக்கே தெரிந்தது. வேலை எடுத்த பிறகு அங்கேயும் ஒன்றும் இல்லை என்றால்? நேர்ந்து வைத்ததைத் தன் கையாலேயே பிடுங்கினதும் ஆகும், பாட்டு ஏன் நின்றது என்பதற்குக் காரணம் இல்லாமலும் போகும். அதற்குப் பிறகு மகளின் முகத்தை எப்படிப் பார்ப்பது? கடை வாசலில் நின்று இரண்டு முறை அங்கும் இங்கும் நடந்தார். கடைசியில் திரும்பி வந்து, "தம்பி, நான் உமக்குப் பொய் சொன்னனான்" என்று தொடங்கி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். போன இரண்டு பிள்ளைகள், நேர்த்தி, நல்ல நேரம், கடைசித் திருகல், நின்ற பாட்டு.

கிறிஸ்துநாயகம் சிரிக்கவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றைக் கேட்டான். "ஸ்குரூ எவ்வளவு நீளம் அண்ணை?"

பரமலிங்கத்தார் விரல்களால் காட்டினார்.

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். "நான் இப்ப ஒண்டும் சொல்லேல்லை. நீங்களே கழட்டுங்கோ. நான் மீற்றரைப் பிடிக்கிறன்."

பரமலிங்கத்தார் பைப்படிக்குப் போய்க் கைகால் கழுவினார். செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏறி, பூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மீற்றர் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. திருகாணியை ஒரு சுற்றுத் தளர்த்தினார். கத்தியது. இரண்டாவது சுற்று. கத்தியது. மூன்றாவது சுற்றில் சத்தம் நின்றது.

அவர் கையை எடுக்காமல் கிறிஸ்துநாயகத்தைப் பார்த்தார். அவன் தலையை மட்டும் ஆட்டினான். திரும்ப உள்ளே திருகினார். கத்தியது. வெளியே திருகினார். நின்றது. உள்ளே, கத்தல். வெளியே, அமைதி. புது விளையாட்டுச் சாமான் கிடைத்த பிள்ளை மாதிரி நாலு முறை செய்து பார்த்தார், போதும் அண்ணை என்று அவன் சொல்லும்வரை.

மூடியைக் கழற்றினபோது எல்லாம் கண்ணுக்கே தெரிந்தது. திருகாணி வயரைக் கிழித்துக்கொண்டு போய்த் தூணின் இரும்பில் ஏறியிருந்தது. கிழிந்த இடத்தில் செம்பு மினுங்கியது.

"அப்ப வேறை ஒண்டும் இல்லையோ தம்பி?"

"ஒண்டரை அங்குலம் அண்ணை. அரை அங்குலம் போதும். வேறை ஒண்டும் இல்லை."

பரமலிங்கத்தார் காலை வெளியே தொங்கவிட்டபடி சீற்றிலேயே இருந்துவிட்டார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. முருகன் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னதெல்லாம் ஒரு திருகாணி. இத்தனை நாள் நெஞ்சுக்குள் கிடந்த பாரம் இறங்கிப் போக, யாரோ உடம்பையே கொஞ்சம் தூக்கிவிட்டமாதிரி இருந்தது. கடைக்காரன் பிளேன்ரீ சொல்லி அனுப்பினான். அவர் மூன்று கரண்டி சீனி போட்டுக் குடித்தார், சீனி கூடாது என்று டொக்ரர் சொன்னதை முருகன் பார்த்துக்கொள்வார் என்று.

வயரை ஒட்டிச் சுற்றி முடித்ததும் நாலு ஸ்பீக்கரிலும் பாட்டு வந்தது. வேலை எப்படி வைப்பது என்ற பேச்சு வந்தபோது கிறிஸ்துநாயகம் இரண்டு பக்கமும் ஒட்டுகிற ரேப்பை நீட்டினான். பரமலிங்கத்தார் அதை ஐயத்தோடு தடவிப் பார்த்து, இரண்டு துண்டு ஒட்டுவது என்ற உடன்படிக்கையில் ஒத்துக்கொண்டார். மருமகனுக்கு இது தெரியவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

பிறகு வீட்டுக்குப் போன் எடுத்தார்.

"இஞ்சரப்பா, கார்ப் பாட்டுச் சரி. நான் பூட்டின ஸ்குரூ வயரிலை ஏறினதாம். அவ்வளவுதான்."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் வந்தது.

"கேக்குதோ?"

"கேக்குது." கனகாம்பிகையின் குரல் உடைந்திருந்தது. "அண்டைக்கு நீங்கள் திருகேக்கை நிண்டது, அந்த ஸ்குரூவாலையோ?"

"நீ கண்ணை மூடிக்கொண்டெல்லோ இருந்தனீ?"

"கண்ணைத்தானே மூடினனான். காதையுமே?"

"பிறகேன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"நீங்கள் கவனிக்கேல்லை எண்டு நினைச்சன். உங்களையும் ஏன் பயப்பிடுத்துவான் எண்டு விட்டிட்டன்." மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அண்டு தொடக்கம் நான் ஒருநேரந்தான் சாப்பிடுறனான். ராவிலை ஒண்டும் இல்லை."

மூன்று கிழமையாக இரவில் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றவள் அவள். நீ சாப்பிட்டியோ என்று ஒரு நாளாவது கேட்டோமா என்று பரமலிங்கத்தார் தேடிப் பார்த்தார். ஒரு நாளும் அம்பிடவில்லை. வெட்கமாக இருந்தது. கல்யாணம் கட்டி முப்பத்தினாலு வருடத்தில் கேட்காத ஒன்றை அப்போதுதான் கேட்டார்.

"வரேக்கை உனக்கு என்ன வாங்கிக்கொண்டு வர?"

கனகாம்பிகை யோசிக்கவே இல்லை.

"இடியப்பம். சொதி கூட ஊத்தச் சொல்லுங்கோ. எனக்கு மட்டும் பதினைஞ்சு."