நடைக்காரியும் மணியும்

கோட்டுப் பைக்குள் விரல் போகவில்லை. ஆர்லோ இன்னொரு தரம் அழுத்திப் பார்த்தான். மேலே பை மாதிரி மடிப்பு இருந்தது, உள்ளே வழி இல்லை. கண்ணாடியைச் சரி பண்ணிக்கொண்டு குனிந்த பிறகுதான் தையல் தெரிந்தது. புதுக் கோட்டு. நோரீன் தன் அப்பனுக்கென்று கடையில் வாங்கிவந்தது. கடைக்காரர்கள் பையின் வாயைத் தைத்தே விற்கிறார்கள், போட்டுக்கொள்கிறவன் பிரித்துக்கொள்ள வேண்டும். தம்பி கிளைட் எங்கே பிரிக்கப் போகிறான்? பெட்டிக்குள் கண்ணை மூடிக் கிடக்கிறான்.

தம்பியின் கன்னத்தில் ஏதோ ரோஸ் நிறத்தைப் பூசியிருந்தார்கள். உயிரோடு இருந்தபோது அவனுக்கு அந்த நிறம் ஒருநாளும் இருந்ததில்லை. இறுதிச் சடங்கு நடத்தும் வீட்டு ஆள் சாம்பல் கோட்டில் கதவோரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். துக்கத்துக்கு வாடகை வாங்குகிறவனின் முகம் அது. அவன் போகிறவரைக்கும் ஆர்லோ உள்ளங்கையை மூடியே வைத்திருந்தான். உள்ளே ஒரு அரை டாலர்.

இனிமேல் ஜனங்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். முதலில் வருவது சங்கத்து ஆட்கள்தான். அவர்கள் கண்ணில் படுவதற்குள் இந்த வேலையை முடிக்க வேண்டும். ஆர்லோவுக்கு முழங்கால் வலித்தது. ஒரு வாரமாகத் தம்பியின் படுக்கை ஓரத்து நாற்காலியிலேயே தூங்கியவன். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று நின்றுகொண்டே இருந்தான்.

சங்கம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கத்துக் கிழவர்கள் தீயணைப்பு நிலையத்து அடித்தளத்தில் கூடி நாணயங்களைப் பார்ப்பார்கள். அரை டாலர் என்றால் அவர்களுக்குத் தனிப் பைத்தியம். கொடியைப் போர்த்திக்கொண்டு சூரியனைப் பார்த்து ஒரு பெண் நடக்கிறாளே, அந்தக் காசுக்கு அவர்கள் வைத்த பெயர் நடைக்காரி. அதற்குப் பிறகு வந்தது மணி. ஒரு பக்கம் வழுக்கைத் தலை பிராங்க்ளின், மறுபக்கம் விரிசல் விட்ட மணி, அரை டாலரில் கழுகு இருந்தாக வேண்டும் என்று சட்டம் கேட்டதே என்று ஓரத்தில் ஒட்டவைத்த கோழிக்குஞ்சு அளவுக் கழுகு. கென்னடி தலை போட்டதை ஊரே வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறது, அதனால் சங்கத்தில் அதற்கு மரியாதை இல்லை. கூட்டம் முடிகிற நேரத்தில் எது அழகு என்று கை தூக்குவார்கள். எல்லாக் கையும் நடைக்காரிக்குப் போகும். கிளைட் ஒருவன்தான் மணிக்குத் தூக்குவான். பிறகு சண்டை. இன்னொரு சுற்றுக் காபி. ஒருவன் செத்தால் அவனுக்குப் பிடித்த காசைச் சங்கத்துச் செலவில் வாங்கி அவன் கையில் வைத்து அனுப்புவது அவர்கள் வழக்கம். இன்று மணியோடு வருவார்கள்.

கிளைட் கேட்டது மணி இல்லை.

கடைசி நாள் காலையில் நோரீன் மருந்துக் கடைக்குப் போயிருந்தபோது கேட்டான்.

"அண்ணே, காலுறை டிராயர்ல நடைக்காரி ஒண்ணு கெடக்கு. அதை என் பையில போட்டு அனுப்பு."

"நீ மணிக்காரனாச்சே. மருந்து பேசுதா, நீ பேசுறியா?"

"நான்தான். அவதான் அழகு. கண்ணு இருக்கிறவனுக்குத் தெரியாதா?"

"அப்ப இத்தனை வருஷமா எதுக்குடா அவனுங்களோட மல்லுக்கட்டினே?"

கிளைட் மூச்சைச் சேர்த்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. "எல்லாரும் ஒரே பக்கம் கையத் தூக்கிட்டா ஏழரைக்கே வீட்டுக்குப் போகணும்ணே. வீட்ல யாரு இருக்கா?" என்றான். அப்புறம், "பசங்ககிட்டச் சொல்லிடாத" என்றான்.

அந்தப் பசங்களில் எழுபதுக்குக் கீழே ஒருத்தனும் கிடையாது.

ஆர்லோ எதையும் ஒரு தடவை கேட்டு நம்புகிறவன் இல்லை. மத்தியானம் மறுபடி கேட்டான். கிளைட் எரிச்சலோடு அதையே சொன்னான். சாயங்காலத்துக்கு மேல் அவனால் பேச முடியவில்லை.

ஆர்லோ நகத்தால் தையலைக் கிள்ளிப் பார்த்தான். நூல் அசையவில்லை. பேனாக்கத்தி தினமும் போடுகிற கால்சட்டையோடு வீட்டில் கிடந்தது.

"விளிம்பைப் பிடிய்யா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "கட்டைவிரல் ரேகை வெள்ளியைத் தின்னுடும்."

எம்மெட். சங்கத்துத் தலைவன், ஒருகாலத்தில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவன். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. ரப்பர் அடி வைத்த ஷூ போடுகிறவர்களை ஆர்லோவுக்குப் பிடிக்காது.

"என்ன அது?" என்றான் எம்மெட்.

"என்னோடது."

"நீ எப்பலேர்ந்து காசு சேக்கிறே?"

"இன்னைக்குத்தான் ஆரம்பிச்சேன்."

எம்மெட் கையை நீட்டினான். கொடுப்பதா வேண்டாமா என்று ஆர்லோ யோசித்தான். கொடுக்காவிட்டால் இன்னும் சந்தேகப்படுவான். கொடுத்தான். எம்மெட் இரண்டு விரலால் விளிம்பில் பிடித்து ஜன்னல் பக்கம் சாய்த்தான். முன்பக்கம் பார்த்தான், திருப்பிப் பார்த்தான், மறுபடி முன்பக்கத்துக்கு வந்தான்.

"இவளோட முகமும் கையும் இவ்வளவு தெளிவா அச்சடிச்ச காசு லேசுல கெடைக்காது" என்றான். "இதை நான்தான் ஒருத்தனுக்கு வித்தேன். தெரிஞ்சவங்களுக்குப் பரிசு கொடுக்கணும்னு சொல்லி வாங்கிட்டுப் போனான்."

எம்மெட் பெட்டியைப் பார்த்தான், கோட்டுப் பையைப் பார்த்தான். வெளியே கார்க் கதவு சாத்துகிற சத்தமும் சங்கத்து லெஸ்டரின் இருமலும் கேட்டன. எம்மெட் தன் சாவிக்கொத்தைப் பையிலிருந்து எடுத்தான். அதில் ஒரு சின்னக் கத்தி தொங்கியது. காசையும் கொத்தையும் சேர்த்து ஆர்லோவின் கையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய் வழியை மறித்துக்கொண்டு நின்றான். பின்புறம் இடம் இருக்கும்போது புல்வெளிமேல் வண்டியை ஏற்றலாமா என்று லெஸ்டரோடு சத்தமாகத் தகராறு பண்ண ஆரம்பித்தான்.

நாலு தையல். அவசரத்தில் ஒன்று கோட்டுத் துணியோடு கிழிந்தது. காசு உள்ளே விழுந்தது. அதற்கு மேல் அவன் உள்ளங்கையை ஒரு நிமிஷம் வைத்துக்கொண்டிருந்தான். துணிக்குக் கீழே தம்பியின் நெஞ்சு பலகை மாதிரி இருந்தது.

பிறகு எல்லோரும் வந்தார்கள். லெஸ்டர் குழாய் வேலை பார்த்த தடித்த விரல்களால் பிளாஸ்டிக் உறையைத் திறந்து மணியைக் கிளைட்டின் கையில் வைத்தான். போகிற இடத்துக்கும் அந்த வழுக்கைத் தலையனைக் கூட்டிக்கொண்டுதான் போகிறான், அங்கே பேச்சு கேட்கவா போகிறான் என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள், ஒருவன் மூக்கைச் சிந்தினான். எம்மெட் தொப்பியின் உள்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கோட்டுப் பையில் கிழிசல் தெரிவதாக நோரீன் மெதுவாகச் சொன்னாள். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றான் ஆர்லோ.

புதைத்துவிட்டு வந்ததும் தேவாலயத்து அடித்தளத்தில் சாப்பாடு. பன்றித் தொடை இறைச்சி, பாலாடைக்கட்டி போட்ட உருளைக்கிழங்கு, பச்சை ஜெல்லி. ஆர்லோ தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தான். கோட்டைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் சங்கத்து மேஜை ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். போதகர் வந்து தோளைத் தட்டினார். தட்டுகிறவர்களிடம் ஆர்லோவுக்கு நம்பிக்கை கிடையாது.

செத்தவனுக்காக ஒரு தரம் கை தூக்கிவிடலாம் என்று லெஸ்டர்தான் தொடங்கினான். தட்டுகளை ஒதுக்கிக் கறுப்புத் துணியை விரித்தார்கள். சங்கத்துப் பெட்டியிலிருந்து வேறொரு நடைக்காரியையும் வேறொரு மணியையும் எடுத்து வைத்தார்கள். நடைக்காரி என்றதும் எல்லாக் கையும் எழுந்தது. மணி என்றான் லெஸ்டர். கிளைட் எப்போதும் கையைத் தூக்குகிற அந்த இடைவெளிக்காக எல்லோரும் பழக்கத்தில் காத்திருந்தார்கள். யாரும் தூக்கவில்லை.

"அவ்வளவுதான்" என்றான் லெஸ்டர். "இனிமே சண்டையே இல்ல."

சந்தோஷமாகச் சொல்லத்தான் பார்த்தான். வரவில்லை. ஒருவன் கடிகாரத்தைப் பார்த்தான். இன்னொருவன் நாற்காலி முதுகில் மாட்டியிருந்த கோட்டை எடுத்தான். எம்மெட் துணியின் ஒரு முனையை மடிக்கப் போனான்.

ஆர்லோ கையைத் தூக்கினான்.

"உனக்கென்னய்யா தெரியும்?" என்றான் லெஸ்டர். "மணியில நல்லது கெட்டது எதை வச்சுச் சொல்றதுன்னு தெரியுமா?"

"தெரியாது. ஆனா உன் பொம்பளை எங்க போறான்னு உனக்குத் தெரியுமா? காலம்பூரா நடக்கிறா, போய்ச் சேரலியே. இது வச்ச எடத்துல இருக்கு."

"வச்ச எடத்துல இருக்கா? விரிசல் விட்ட மணிய்யா அது. அடிச்சாச் சத்தம் வராது."

"சத்தத்துக்குத்தான் நீ இருக்கியே."

கோட்டை எடுத்தவன் உட்கார்ந்தான். லெஸ்டர் நாற்காலியை இழுத்து ஆர்லோவுக்கு எதிரே போட்டுக்கொண்டு, அந்தக் கழுகைப் பார், அது கழுகா என்று கேட்டான். அவன் கழுத்து சிவந்திருந்தது. மடித்த முனையை எம்மெட் மறுபடி நீவி விட்டான். பார்க்காமல் பேசக் கூடாது, முதலில் பார்க்கட்டும் என்று மணியை விளிம்பில் பிடித்து ஆர்லோவிடம் நீட்டினான். மணியின் அடிப்பக்கம் குறுக்கே ஓடும் கோடுகள் அறுபடாமல் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும் என்றான்.

காசுக்கு மேலே குனிந்தபடி யாரும் பேசுவதில்லை. எச்சில் தெறித்தால் வெள்ளியில் கறை விழுந்துவிடும். பார்க்கிறவன் வாயை மூடிக்கொள்வான், மற்றவர்களும் அவன் நிமிரும்வரை சும்மா இருப்பார்கள். ஆர்லோ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தான். அவனுக்குக் கோடு எதுவும் தெரியவில்லை. எல்லாம் கலங்கலாக இருந்தது. நிமிராமலே இருந்தான்.

நோரீன் காபிக் கூஜாவோடு வந்து, இன்னும் யாருக்கு வேண்டும் என்று கேட்க வாயெடுத்தாள். லெஸ்டர் ஒரு விரலைத் தூக்கி, பொறு என்று காட்டினான். அவள் கூஜாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.