மறிச்சார் வூடு

வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருந்த பழைய ஆங்கிலக் காகிதத்தில், தமிழழகன் போனில் தட்டிப் பார்த்து அர்த்தம் சொன்ன ஒரு சொல்லால் இளையபெருமாளுக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. 'டிமீன்ட்.' இழிவாக நடந்துகொண்டார் என்று பொருளாம்.

"என்ன பெரியப்பா, நம்ம முப்பாட்டனப் பத்தி வெள்ளக்காரன் இப்படியா எழுதி வச்சிருக்கான்?" என்று தம்பி மகனான அவன் சிரித்தான். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் காகிதம்தான் அவர்கள் குடும்பத்தின் முதுகெலும்பு. ரஞ்சன்குடிக்கு வடக்கே, அவர்கள் ஊரின் மீது வெள்ளைக்காரப் படை வந்தபோது ஒற்றை ஆளாக வண்டிப்பாதையில் நின்று மறித்தவர் பெரியண்ணன். எதிரியே வியந்துபோய் எழுதிக் கொடுத்த நற்சான்று அது. அதனால்தான் அவர்கள் குடும்பத்துக்கு 'மறிச்சார் வூடு' என்று பெயர். பெண் கேட்டு வருகிறவர்கள் நிலம் எவ்வளவு என்று கேட்கமாட்டார்கள். மறிச்சார் வூடா என்று மட்டும் கேட்பார்கள். வெள்ளிக்கிழமை ஊர் எல்லையில் பெரியண்ணனுக்குக் கல் நடப்போகிறார்கள். ஆங்கில வாசகத்தை மேடையில் படிக்க ஒரு தலைமை ஆசிரியருக்கும் சொல்லியாகிவிட்டது. அவர் அந்தச் சொல்லில் வந்து நின்று, ஊரைப் பார்த்து அர்த்தம் சொன்னால்?

யாருக்கும் தெரியாமல், கண்ணாடிச் சட்டத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு புதன்கிழமை காலை அரியலூருக்கு பஸ் ஏறினார். அங்கே கல்லூரியில் ஆங்கிலம் நடத்தும் சத்யப்பிரியா பழைய சொற்களில் ஆராய்ச்சி செய்தவள். விசாரித்த இடத்திலெல்லாம் அவள் பெயரைத்தான் சொன்னார்கள். அவள் அரியமுத்துவின் பேத்தி என்பதுதான் அவருக்குக் கசந்தது. அரியமுத்து அவர் வயலில் நாற்றுக்கட்டு சுமந்தவன்.

"நீ அரியமுத்து பேத்திதானே?"

"ஆமாங்கய்யா, உள்ள வாங்க. உங்களுக்கு நான் நாற்காலி போடுறத தாத்தா பாத்திருந்தா கொல்லப் பக்கமா ஓடியிருப்பாரு" என்றாள். கேலியா மரியாதையா என்று அவரால் பிரிக்க முடியவில்லை.

காகிதத்தைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "இதுக்கா பயந்தீங்க? அந்தக் காலத்துல டிமீன்னா நடந்துக்கறது, அவ்வளவுதான். நல்லா டிமீன் பண்ணினான்னா நல்லபடியா நடந்துக்கிட்டான்னு அர்த்தம். தாழ்ந்து போறதுங்கற அர்த்தம் வேற ஒரு சொல்லோட குழம்பினதுல வந்து ஒட்டிக்கிச்சு."

மூன்று நாள் பாரம் இறங்கியது. அப்போதே எழுந்து வந்திருக்கலாம். ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்தார். "முழுசாப் படிச்சு தமிழ்ல சொல்லும்மா. மறிச்ச கதைய உன் வாயால கேக்குறேன்."

அவள் படித்தாள். இரண்டாவது வரியில் நின்றாள். அலமாரியிலிருந்து தலையணை மாதிரி ஒரு அகராதியை எடுத்துவந்து வெகுநேரம் பார்த்தாள்.

"மறிச்சாருன்னு உங்களுக்கு யாருங்கய்யா சொன்னது?"

"எங்க தாத்தா காலத்துல, பெரம்பலூர் வக்கீல் ஒருத்தர் படிச்சுச் சொன்னாரு. ஏன்?"

"அவரு தன் காலத்து அர்த்தத்தச் சொல்லிட்டாரு. இதுல இருக்கறது பிரிவென்ட்டட். இன்னிக்கு அதுக்கு அர்த்தம் தடுக்கறது. முன்ன அது முன்னால போறது. பழைய சர்ச் ஜெபங்கள்ல, கடவுளே எங்களுக்கு முன்னால நடந்து வழிகாட்டுன்னு கேக்கறதுக்கு இந்தச் சொல்தான் வரும்." அவள் குரல் இறங்கியது. "ஆத்தங்கரையிலேருந்து ஊர் வரைக்கும் எங்கள் படைக்கு முன்னால் சென்றான், விசுவாசமாக நடந்துகொண்டான். இப்படித்தாங்கய்யா இருக்கு. மறிச்சவன விசுவாசின்னு எவனாச்சும் எழுதுவானா?"

இளையபெருமாள் குனிந்து காகிதத்தைப் பார்த்தார். எதிரி எதற்கு நற்சான்று கொடுத்தான்? ஏழு வயதில் அப்பாவிடம் கேட்டு அறை வாங்கிய கேள்வி. அதற்குப் பிறகு அவர் அதைக் கேட்டதே இல்லை.

"அந்தப் படை வந்தன்னிக்குத்தான் நம்ம ஊர் ஓரத்துல இருக்கற வெந்தமேடு எரிஞ்சுது" என்றாள் சத்யப்பிரியா, அகராதியை மூடாமல். "எங்க ஆளுங்க குடிசை பதினேழு. ஊர்க்காரன் எவனோ முன்னால வந்து வழி காட்டினான், பேருதான் தெரியலன்னு தாத்தா சொல்லுவாரு."

அவர் கை துண்டைத் தேடியது.

"இத... வெளியில யாருகிட்டயும்... சொல்லிடாதீங்க."

அந்த 'ங்க' தன் வாயிலிருந்து வந்ததை அவரே கேட்டார். அவளும் கேட்டாள்.

"நான் சொல்ல மாட்டேங்கய்யா" என்று சட்டத்தைச் சுற்றிக் கையில் கொடுத்தாள். "உங்க வூட்டுக் காகிதம். நீங்க பாத்துக்கங்க."

பெரம்பலூர் பஸ்ஸில் எல்லாரும் மடியிலிருந்த துண்டு மூட்டையைப் பார்ப்பதுபோல் இருந்தது. சொல்லிவிடுவேன் என்று அவள் மிரட்டியிருந்தால் எதிர்த்து நின்றிருப்பார்; பொய் என்றிருப்பார். அவள் சொல்ல மாட்டாள். அதுதான் பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை கல் நிற்கும், மாலை விழும், ஊர் கைதட்டும். மறிச்சார் வூட்டு மானம் அன்று முதல் அரியமுத்து பேத்தி வாயைத் திறக்காமலிருப்பதில் பிழைத்துக் கிடக்கும். அப்படி ஒரு பிச்சையில் அவர் குடும்பம் ஒருநாளும் வாழ்ந்ததில்லை.

பெரம்பலூரில் ஊர் பஸ் நின்றது. அதில் ஏறாமல் பாடாலூர் பஸ்ஸில் ஏறினார்.

கல்பட்டறையில் செல்லக்கண்ணு தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "வாங்கய்யா, முடிஞ்சுது. நாளைக்கு வண்டியில ஏத்திடலாம்."

கல்லில் மேல் வரியில் 'படையை மறித்த' என்றும் கீழ் வரியில் 'பெரியண்ணன்' என்றும் வெயிலில் மின்னியது.

"மேல் வரிய எடுத்துடு."

"எடுக்கறதா? இது என்னங்கய்யா சிலேட்டா, எச்சி தொட்டு அழிக்க? கொத்தித்தான் எடுக்கணும். பள்ளம் விழுந்துடும்."

"விழட்டும்."

முதல் சில்லு தெறித்தபோது அவர் போன் அடித்தது. தமிழழகன்.

"பெரியப்பா, எங்க இருக்கீங்க? கல்ல போட்டோ புடிச்சு அனுப்புங்க, எல்லாரும் கேக்குறாங்க."

"சாயங்காலம் பங்காளிங்க எல்லாரையும் வூட்டுக்கு வரச் சொல்லு. வெந்தமேட்டு ஆளுங்களையும் கூப்பிடு."

"நம்ம வூட்டுக்கா? அவங்களையா? எதுக்கு? அந்த டிமீன்ட் விஷயமா, அவ்வளவு கேவலமா?"

"அது நல்ல சொல்லுதாண்டா. மத்தத நேர்ல சொல்றேன்."

செல்லக்கண்ணு ஸ்டூலை இழுத்துப் போட்டார். இளையபெருமாள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்து ஊருக்குப் போகமாட்டோம் என்று பயந்தார்.