நீல உறை போட்ட ரேம்

ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற்றும்போது அறுபத்து மூன்று சதவீதத்தில் கம்ப்யூட்டர் மறுபடி நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து இது நான்காவது முறை. முதலில் நாற்பத்தொன்றில் நின்றது, அடுத்து எழுபத்தெட்டில், அப்புறம் ஐம்பதில். கோப்பைப் படிக்க முடியவில்லை என்று திரையில் ஒரு வரி. அதற்குக் கீழே யாருக்கும் புரியாத ஓர் எண்.

லிஃப்ட் மெக்கானிக் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு அதை முறைத்தார். ஆள் ஏறிய பிறகு நடுவழியில் நின்றுபோன லிஃப்டைக்கூட அவர் இப்படி முறைத்ததில்லை.

கம்ப்யூட்டரை அவரே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியிருந்தார். மனைவிக்கு வீட்டிலிருந்தபடியே செய்யும் வேலை ஒன்று கிடைத்திருந்தது. காது கேளாத பிள்ளைகளுக்கான பாட வீடியோக்களைக் கேட்டு, பேச்சை எழுத்தாகத் தட்டித் தர வேண்டும். நாளை காலை ஒன்பது மணிக்கு முதல் பாடம் வந்துவிடும். ஆபரேட்டிங் சிஸ்டம் உள்ளே ஏறினால்தான் அது கம்ப்யூட்டர். அதுவரை விசிறி ஓடும் தகரப் பெட்டி.

"சாயங்காலத்துக்குள்ள முடியலன்னா சொல்லிடுங்க. அத்தான்கிட்ட ஒரு லேப்டாப் சும்மாதான் கிடக்குதாம்" என்று மனைவி காலையிலேயே சொல்லி வைத்திருந்தாள்.

அத்தான் என்பது அவளுடைய அக்காவின் கணவர், இவருக்குச் சகலை. ஒரு பெரிய ஆபீசின் கம்ப்யூட்டர் பிரிவையே கையில் வைத்திருப்பவர். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அத்தான் புராணம் காதில் விழாத வாரம் கிடையாது. அத்தான் குரலை உயர்த்தவே மாட்டாராம். அத்தான் எந்தப் பொருளை எங்கே வைத்தாலும் மறக்க மாட்டாராம். அத்தான் சட்டை காலையில் போட்ட மாதிரியே சாயங்காலமும் இருக்குமாம். லிஃப்ட் மெக்கானிக் தன் முழங்கையில் அப்பியிருந்த கிரீஸைத் தேய்த்துக்கொண்டே இதையெல்லாம் கேட்டு வந்தார். தினமும் ஊரையே மாடி ஏற்றுகிறவருக்குத் தன் வீட்டில் ஒரு படி ஏற முடியவில்லை.

இந்தப் பெட்டி மட்டும் ஓடிவிட்டால் மனைவி அக்காவுக்கு போன் போடுவாள். 'இவரே பண்ணிட்டாரு' என்பாள். அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் மூன்று வாரமாக விடுமுறை நாட்களைத் தொலைத்திருந்தார்.

சிஸ்டம் இருந்த பென் டிரைவை அழித்துப் புதிதாக எழுதிப் பார்த்துவிட்டார். வேறு பென் டிரைவும் பார்த்தாகிவிட்டது. ஹார்ட் டிஸ்க் வயரைக்கூட மாற்றினார். இனி எதைத் தொடுவது என்று திறந்திருந்த பெட்டிக்குள் பார்வையை ஓட்டியபோது, அது பளிச்சென்று கண்ணில் பட்டது.

நீல உறை போட்ட ரேம்.

பெட்டியில் இரண்டு ரேம் இருந்தன, கம்ப்யூட்டர் படிப்பதை நினைவில் வைத்துக்கொள்ளும் பட்டைகள். கறுப்பு, அவர் பழைய சாமான் கடையில் அரை மணி நேரம் பேரம் பேசி வாங்கியது. நீலம், சகலை கொடுத்தது. விஷயம் தெரிந்ததுமே, "என்னால ஆனது" என்று பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பியிருந்தார். வேண்டாம் என்று திருப்பித் தர வாய் வரை வந்த வார்த்தையை மனைவியின் முகம் பார்த்து விழுங்கியிருந்தார்.

லிஃப்ட் வேலையில் அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. ஒவ்வொரு பாகமாகக் கழற்றி ஓட்டிப் பார்க்காமல் எது கோளாறு என்று வாய் திறக்கக் கூடாது. புதிதாகச் சேருகிறவர்களை இதற்காக எவ்வளவு திட்டியிருப்பார். அந்தக் கண்டிப்பு அன்றைக்கு எங்கே போயிற்றோ, எழுந்து நேராகச் சமையலறை வாசலில் போய் நின்றார்.

"கண்டுபிடிச்சிட்டேன். உங்க அத்தான் குடுத்தது டப்பா சரக்கு."

சொன்னபோது வாய் இனித்தது. மனைவி கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். அப்படியா என்றாள். அந்த 'அப்படியா'வில் அத்தான் மேல் லேசான வருத்தம் தொனித்ததைக் கேட்டு அவருக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் அவள் அதோடு விடவில்லை. அடுத்த நிமிஷமே அக்காவுக்கு போன் போட்டு எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள். அவர்கள் இதோ கிளம்புகிறார்களாம்.

சரி, வருவதற்குள் காரியத்தை முடித்துக் காட்டுவோம் என்று இவர் நீலத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார். கறுப்பை மட்டும் விட்டு ஓட்டினார். முப்பது, நாற்பது, ஐம்பது. ஐம்பத்திரண்டில் நின்றது.

கறுப்பை உருவினார். நீலத்தைச் செருகினார். இந்தத் தடவை திரையைப் பார்க்கவே பிடிக்கவில்லை, ஆனாலும் பார்த்தார். அறுபது தாண்டியது. எழுபத்தெட்டைத் தாண்டியது. நின்று தொலை என்று மனசு ஒரு பக்கம் கெஞ்சியது. நூறு. கம்ப்யூட்டர் அணைந்து எழுந்து, வணக்கம் சொன்னது.

வாசல் மணி அடித்தது.

சகலை உள்ளே வந்தார். சட்டையில் வழக்கம்போல ஒரு சுருக்கம் இல்லை. கையில் இன்னொரு நீல ரேம். இரண்டையும் ஜோடியாக வாங்கியதாகவும், ஒன்றைத் தம் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டு மற்றதை இங்கே கொடுத்ததாகவும், இப்போது தம்முடையதைக் கழற்றிக்கொண்டு வந்திருப்பதாகவும் சொன்னார்.

"மன்னிச்சுக்குங்க சகலை. ஓட்டிப் பார்த்துட்டுக் குடுத்திருக்கணும். உங்க ஞாயித்துக்கிழமைய கெடுத்துட்டேன்."

அக்காவும் தங்கையும் பின்னால் நின்றார்கள். தங்கை, அத்தானை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பதினோரு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக் காத்திருந்த பார்வை அது. சும்மா இருந்தால் போதும். இந்த வீட்டில் அத்தான் புராணம் இன்றோடு முடிந்தது.

சகலை குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். உள்ளே ஒரே ஒரு ரேம், நீலம். மேஜையில் கறுப்பு. திரையில் வணக்கம். தெரிந்தவர் கண்ணுக்கு இதற்கு மேல் விளக்கம் எதற்கு? நிமிர்ந்து இவர் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு பெண்கள் பக்கம் திரும்பி, அமைதியாகச் சொன்னார்:

"ஆமா, நான் குடுத்ததுலதான் கோளாறு. சகலை சரியாக் கண்டுபிடிச்சிருக்காரு."

லிஃப்ட் மெக்கானிக்குக் காது சுட்டது. நன்றி தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. இதிலுமா? செய்யாத தப்பை ஏற்றுக்கொள்வதிலும் இந்த மனுஷன்தான் முதலில் வர வேண்டுமா? சகலையிடம் பிச்சை வாங்கிய நல்ல பெயரோடு காலம் தள்ளுவதைவிட, பெயரே இல்லாமல் இருந்துவிடலாம். பொறாமை கழுத்தைப் பிடித்துத் தள்ள, அவர் வாயிலிருந்து உண்மை விழுந்தது.

"இல்ல. அவரு குடுத்தது தங்கமா ஓடுது. நான் வாங்கினதுதான் டப்பா. பார்க்காமலே பழி போட்டுட்டேன்."

மனைவி திட்டப் போகிறாள் என்று அவர் காத்திருந்தார். முதலில் பேசியது அக்கா.

"உன் வீட்டுக்காரரு வாயிலேருந்து 'நான்தான் தப்பு'ன்னு வருதேடி. எங்க வீட்டுல பதினாலு வருஷமா இருக்கேன், ஒரு தடவகூட கேட்டதில்ல."

"இவரு அப்படித்தான்க்கா" என்றாள் மனைவி, இது தினமும் நடப்பது போல. குரலில் பெருமை இருந்தது.

சகலையின் முகத்தில் ஏதோ மாறியது. சிரிப்பு அப்படியே இருக்க, கண் மட்டும் சுருங்கி, தாடை இறுகியது. லிஃப்ட் மெக்கானிக் அந்த முகத்தை வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் அதற்குள் இருந்து பார்ப்பது எப்படி இருக்கும் என்று பதினோரு வருஷமாக அவருக்கு நன்றாகத் தெரியும்.

"ஏன், நான் போன வருஷம் ஆபீஸ்ல ஒருத்தர்கிட்ட மன்னிப்பு கேட்டேனே" என்றார் சகலை, குரல் சற்றே உயர்ந்து.

"யாருகிட்ட? எனக்குச் சொல்லவே இல்லையே" என்றாள் அக்கா.

லிஃப்ட் மெக்கானிக் பெட்டியின் பக்கத் தகட்டை எடுத்துப் பொருத்தினார். நான்கு திருகாணிகளையும் அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றாக முடுக்கத் தொடங்கினார்.