சந்தனம் பூசிய இரண்டு பின்

விமானம் பனைமரங்களைத் தாண்டி மேலே ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வீரமலைக்கு மூச்சே வந்தது. காட்டூர்ப் பொட்டலில் கூடியிருந்த இருநூறு பேரும் வாயைப் பிளந்துகொண்டு அண்ணாந்து நின்றார்கள். இரண்டு வருஷமாக, ‘கார் எஞ்சினை வச்சு வானத்துல பறக்கப் போறாங்களாம்’ என்று கைகொட்டிச் சிரித்தவர்கள்தான் அதில் பாதிப்பேர். இப்போ சிரிங்கடா பார்ப்போம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே அவன் ஒரு பீடியை வாயில் வைத்தான். கருவிப் பெட்டியின் அடியில் கிடந்த தீப்பெட்டியை எடுத்துத் திறந்தான்.

உள்ளே ஒரு குச்சிகூட இல்லை. இரண்டு ஸ்ப்ளிட் பின் இருந்தன. இரண்டிலும் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. அதன் மேல் ஆளுக்கு ஒரு பொட்டு குங்குமம்.

பீடி வாயிலிருந்து நழுவி விழுந்தது. அது விழுந்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை.

வீரமலை பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். பதினெட்டு வருஷ சர்வீஸ். மேலே பறப்பவன் அவன் மச்சினன் பிச்சமுத்து. தாய் தகப்பன் போனபின் மனைவி ராசாத்தி இடுப்பில் தூக்கிச் சுமந்து வளர்த்த தம்பி அவன். மெட்ராஸ் ஃபிளையிங் கிளப்பில் சேர்ந்து விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு வந்தவன், ஒரு பழைய அமெரிக்கப் பத்திரிகையை மாமன் முன்னால் விரித்து, ‘மரத்தாலயும் துணியாலயும் நானே செஞ்சுடுவேன் மாமா, எஞ்சின் மட்டும் நீங்க குடுங்க’ என்றான். ஜமீன் வீடு ஒன்று கழித்துப் போட்ட ஃபோர்டு காரின் எஞ்சின் கிடைத்தது. பிச்சமுத்து உடம்பைச் செய்தான். உயிரைச் செய்தது வீரமலை.

அந்த உயிர் எட்டு நட்டில் இருந்தது. நாலு பிஸ்டன், நாலு கனெக்டிங் ராடு, ராடுக்கு இரண்டு நட்டு. ஒவ்வொரு நட்டும் அதிர்வில் கழன்றுவிடாமல் இருக்க, நட்டின் பல்லுக்கும் போல்ட்டின் ஓட்டைக்கும் குறுக்கே ஒரு பின்னைச் செருகி அதன் இரண்டு காலையும் மடக்கிவிட வேண்டும். எட்டு நட்டுக்கு எட்டு பின். கணக்காக எட்டுதான் வாங்கினான். அதில் இரண்டு இதோ கையில் இருக்கின்றன.

“என்னப்பா வீரமலை, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே? அதான் பறந்திருச்சுல்ல!” என்று தோளில் தட்டினார் ஷேக் தாவூது. அவருடைய லாரி செட்டில்தான் எஞ்சின் வேலை முழுக்க நடந்தது. சற்றுமுன் விமானத்தின் காற்றாடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பிவிட்டவரும் அவர்தான்.

“பாய்... ராடு நட்டுக்கு எட்டு பின்னு.”

“ஆமா, எட்டு.”

“ரெண்டு இங்க இருக்கு பாய்.”

இருபது வருஷம் லாரி வைத்திருப்பவருக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. “யா அல்லா!” என்று கருவிப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

விமானம் திசை திருப்பிக்கொண்டு பொட்டலுக்கு மேலே திரும்பி வந்தது. வீரமலை தலைப்பாகைத் துண்டை உருவி, தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு, “இறங்குடா! மாப்ளே, இறங்குடா!” என்று கத்தியபடி வரப்பும் முள்ளும் பாராமல் ஓடினான். கூட்டத்துக்கு ஒரே குஷி. மச்சினன் பறக்கிற சந்தோஷத்தில் ஆடுகிறான் என்று நினைத்து அவர்களும் துண்டைச் சுழற்றினார்கள். மேலே பிச்சமுத்து திறந்த இருக்கையிலிருந்து கையை நீட்டி, அழகாக ஆட்டிவிட்டு, மலைக்கோட்டைப் பக்கமாகப் போய்விட்டான். பாவி, சிரித்தான் வேறு.

ஸ்ரீரங்கத்துக்குப் போக ஆறு நிமிஷம், ராயர் காலத்தில் கட்டாமல் விட்ட மொட்டைக் கோபுரத்தை ஒரு சுற்று, திரும்பி வர ஆறு நிமிஷம். இதுதான் பேசி வைத்தது. தரையில் வைத்தே அந்த எஞ்சினை ஏழு மணி நேரம் ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. ஏழு மணி நேரம் அந்த இரண்டு நட்டும் அதிர்ந்திருக்கின்றன. ஒரு நட்டு கழன்றால் போதும். ராடு எஞ்சினின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். கீழே காவிரியில் ஐப்பசி வெள்ளம் கரைகொள்ளாமல் போகிறது. இறங்க ஒரு மணல்திட்டுகூட இல்லை.

எப்படி மறந்தேன், எப்படி மறந்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டான். மறந்த கதை நெஞ்சில் வந்து நின்றது. நாலு வாரத்துக்கு முன்னால் ஆயுத பூஜை. எஞ்சின் தலைகீழாக ஸ்டாண்டில் கிடக்கிறது. ஆறு நட்டுக்குப் பின் மாட்டி, நாலாம் ராடுக்கு மட்டும் பாக்கி. அதற்குள் பட்டறைச் சேக்காளிகள் மாலையும் பொரியுமாக வந்து, “பூஜை நேரம் வந்துருச்சு, வைங்கண்ணே கீழே!” என்று குறடு, ஸ்பானர், சுத்தியல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்ச் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கிவிட்டார்கள். தீப்பெட்டியில் இருந்த இரண்டு பின்னுக்கும் சேர்த்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். வைத்த ஆயுதத்தை மறுநாள்வரை யாரும் தொடக் கூடாது. எஞ்சின் மேல் புது வேட்டியைப் போர்த்தி, அதற்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டு வந்தான். மறுநாள் ராகு காலம் வருவதற்குள் ஆயில் தேங்கும் அடிப்பாத்திரத்தால் எஞ்சினை மூடிக் கிளப்ப வேண்டும் என்று பறந்தான்.

ஆனால் மூடுவதற்கு முன் பார்த்தானே! விரலை நீட்டி எண்ணினானே! எட்டு நட்டிலும் கம்பி இருந்தது. ஒரு ஓட்டைகூடக் காலியாக இல்லை. ‘எட்டும் சரி’ என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் மூடினான். அப்படியானால் இது என்ன? பதினெட்டு வருஷம் ரயில் எஞ்சின் பார்த்த கண் பொய் சொல்லுமா?

ராசாத்தி கூட்டத்தில் இல்லை. தூரத்தில் ஒற்றைப் பனையடியில் தனியாக நின்றாள். அவளுக்கு இன்று வீட்டுக்குத் தூரம். ‘அங்கயே நில்லு, விமானத்து மேல உன் நிழல்கூட விழக் கூடாது’ என்று காலையில் அவன்தான் சொல்லியிருந்தான்.

அவளிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? பனையடிக்குப் போனான். அவள் சட்டென்று இரண்டடி பின்வாங்கினாள்.

“கிட்ட வராதீங்க, எல்லாரும் பாக்கறாங்க.”

“ராசாத்தி, உன் தம்பியை நான் கொன்னுட்டேன்டி.” தீப்பெட்டியை நீட்டினான். “நாலாம் ராடுக்குப் பின்னே போடல. இந்தா இருக்கு பாரு.”

அவள் தீப்பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். சந்தனத்தைப் பார்த்தாள். அழுவாள், மாரில் அடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தான். அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“அப்ப உள்ள இருக்கறது என் ஊசியா?”

“என்ன ஊசி?”

“என் கொண்டை ஊசிங்க. அதை நீங்க எடுத்துட்டு இந்தப் பின்னைப் போட்டிருப்பீங்கன்னுல்ல நெனச்சேன்!”

வீரமலைக்கு ஒன்றும் புரியவில்லை. அவளையே வெறித்துப் பார்த்தான்.

கல்யாணத்துக்கு முன் உறையூரில் கல் பட்டறையில் செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டியவள் அவள். கடுகளவு கல்லில் பதினேழு பட்டை போடுகிற கை. எஞ்சினின் பேரிங் எட்டுத் துண்டையும் விளக்குக் கரி தடவி, எங்கே உரசுகிறது என்று பார்த்துப் பார்த்து மயிரிழை மயிரிழையாகச் சுரண்டிக் கொடுத்தது அவள்தான். வீரமலையின் கைக்கு அந்த நளினம் வராது. அதை அவனே ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவன்தான்.

“பூஜை அன்னிக்கும் நான் தூரம்” என்று அவள் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனாள். “எல்லாரும் சாப்பிடப் போயிருந்தீங்க. நான் சுரண்டுன பேரிங்கு எப்படி உக்காந்திருக்குன்னு பாக்க ஆசையா இருந்துச்சு. வேட்டியைத் தூக்கிப் பாத்தேன். ரெண்டு ஓட்டை காலியா இருந்துச்சு. பின்னு சாமிகிட்ட இருக்கு, நான் அங்க போக முடியாது. தலையில ரெண்டு ஊசி இருந்துச்சு. அதைச் செருகி என் சின்னக் குறடால காலை மடக்கிவிட்டேன்.”

“அன்னிக்கு ஏதுடி குறடு? எல்லா ஆயுதமும் பூஜையில...”

“என் குறடை யாரு பூஜைக்குக் கேட்டீங்க?” என்றாள் ராசாத்தி.

அவனுக்குச் சுருக்கென்றது. கேட்கவில்லைதான். அவளுடையதும் ஆயுதம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

“அடிப்பாவி, அப்பறமாவது சொல்லியிருக்கலாமே! நிமிஷத்துக்கு ஆயிரத்து அறுநூறு சுத்து சுத்துற எஞ்சின்ல கொண்டை ஊசியாடி? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சொல்ல வந்தேனே! மறுநாள் காலையில செட்டு வாசல்ல வந்து நின்னு, ‘ஏங்க, அந்த ரெண்டு நட்டு’ன்னு ஆரம்பிச்சேன். நீங்க என்ன சொன்னீங்க?”

என்ன சொன்னோம் என்று வீரமலைக்கு நன்றாகவே நினைவிருந்தது. ‘நல்ல நாளும் அதுவுமா, இந்த நேரத்துல வாசல்ல வந்து நிக்காத. போ அந்தாண்டை’ என்றான். சேக்காளிகள் நாலு பேர் முன்னால் வைத்துச் சொன்னான். அவள் தலையைக் குனிந்துகொண்டு கொல்லைப் பக்கம் போனாள். அதற்கப்புறம்தான் அவன் எண்ணிப் பார்த்து ‘எட்டும் சரி’ என்று கத்தினான்.

“அது கொல்லை வரைக்கும் கேட்டுச்சு. சரி, பாத்துட்டாரு, ஊசியை எடுத்துட்டுப் பின்னை மாட்டிட்டாருன்னு நிம்மதியா இருந்தேன். தூரமா இருந்தப்ப எஞ்சினைத் தொட்டேன்னு நானே வாயைக் குடுத்து எதுக்கு வாங்கிக் கட்டிக்கணும்னு இருந்துட்டேன்.”

இருவரும் வானத்தைப் பார்த்தார்கள். சத்தம் எப்போதோ தேய்ந்து போயிருந்தது. தாவூது கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அங்கே வந்து சேர்ந்தார். பதினைந்து நிமிஷம் ஆயிற்று. பதினேழு ஆயிற்று. கூட்டம் சலசலத்தது. “ஆத்துல விழுந்திருச்சோ?” என்று எவனோ ஒருவன் சாவகாசமாகக் கேட்டான். வீரமலைக்கு அவன் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது. நெரித்து என்ன பயன்? நெரிக்க வேண்டிய கழுத்து தன்னுடையதுதான். அந்தப் பெண் சொல்ல வந்த நாலு வார்த்தையைக் கேட்டிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்?

இருபத்திரண்டாம் நிமிஷம் ராசாத்திதான் முதலில் கேட்டாள். “வருது!” என்று அவன் கையைப் பிடித்துவிட்டாள். பிடித்த பிறகு பயந்து விடப் போனாள். அவன் விடவில்லை. இருநூறு பேர் பார்க்க அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றான்.

விமானம் வந்தது. சத்தத்தில் ஒரு சின்ன வித்தியாசம் இருந்தது. டக், டக் என்று அடியில் ஒரு தட்டல். அது அவனுக்கும் அவளுக்கும் மட்டும்தான் கேட்டது. இறங்கி, குதித்து, மறுபடி குதித்து, உருண்டு நின்றது. பிச்சமுத்து துள்ளிக் குதித்து இறங்கினான்.

“மாமா! அம்மா மண்டபத்துப் படித்துறையில குளிச்சிட்டிருந்த சனமெல்லாம் கையை ஆட்டுச்சு. அதான் இன்னும் ரெண்டு சுத்து அடிச்சுட்டு வந்தேன்!”

வீரமலை அவனைப் பளாரென்று ஒரு அறை அறைந்தான். அடுத்த நொடி கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான். பிச்சமுத்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அக்காவைப் பார்த்தான். தாவூதைப் பார்த்தான்.

கூட்டத்தை விரட்டிவிட்டு, ஆயிலை வடித்து, அங்கேயே அடிப்பாத்திரத்தைக் கழற்றினார்கள். வீரமலை மல்லாந்து படுத்துக்கொண்டு கையை உள்ளே விட்டான். நாலாம் ராடு. முதல் நட்டில் கொண்டை ஊசி அப்படியே இருந்தது. இரண்டாவது நட்டு அசைந்துகொடுத்து இறங்கியிருந்தது. அதிலிருந்த ஊசியின் ஒரு கால் அறுந்து போயிருந்தது. மறு கால் தேய்ந்து தேய்ந்து நூலாகி, அந்த நூல்தான் நட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அதை விரலில் எடுத்து வெளியே நீட்டினான். தொட்டதும் இரண்டாக ஒடிந்தது.

பிச்சமுத்துவுக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் அப்படியே தரையில் குந்திவிட்டான். “இது ஊசியில்ல? கொண்டை ஊசி! இதுலயா நான் காவேரி மேல மூணு சுத்து சுத்துனேன்? யாரு மாமா இதைப் போட்டது?”

“உங்க அக்கா. நான் மறந்தேன், அவ போட்டா. சொல்ல வந்தவளைத் தூரம்னு விரட்டிவிட்டேன்.” வீரமலை எதையும் மறைக்காமல் சொன்னான். தாவூது வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு வீரமலை எழுந்துபோய், பனையடிக்கே திரும்பிவிட்டிருந்த ராசாத்தியிடம் அந்தத் தீப்பெட்டியை நீட்டினான். சந்தனம் வைத்த பின் இரண்டும் உள்ளே இருந்தன.

“வந்து நீயே போடு.”

“இன்னிக்கு நான்...”

“தெரியும். வா.”

அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். கேலியில்லை என்று தெரிந்ததும் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டாள்.

“என்கிட்ட குறடு இருக்கு, தரவா தங்கச்சி?” என்றார் தாவூது.

“வேணாம் பாய். என் குறடு வீட்ல இருக்கு.”

“போய் எடுத்துட்டு வா. நாங்க இருக்கோம்” என்றான் வீரமலை.

அவள் வரப்பில் இறங்கி, காட்டூர்த் தெருவைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள். போக அரை மணி, வர அரை மணி. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. திறந்து கிடந்த எஞ்சினுக்குப் பக்கத்தில் மூன்று ஆண்பிள்ளைகளும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் திரும்பி வரும்வரை ஒருத்தரும் அதைத் தொடவில்லை.