பதினேழு நிமிடப் பித்தப்பை

டாக்டர் கோவிந்தராஜ் என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. நான் நீட்டிய காபியை வாங்கிக்கொண்டார், "சர்க்கரை கம்மிதானேம்மா?" என்று கேட்டார், பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். பதினொரு வருடம் அவர் நீட்டிய கையில் கத்தரியும் ஊசியும் எடுத்து வைத்தவள் நான். அப்போதும் அவர் என் முகத்தை ஒழுங்காகப் பார்த்ததில்லை. அப்போதாவது மாஸ்க் போட்டிருந்தேன்.

ஏற்காட்டில் எங்கள் ஹோட்டலில்தான் இந்த வருடம் மண்டல அறுவை சிகிச்சை நிபுணர்களின் ஆண்டுக் கூட்டம். மூன்று நாள், இருநூறு டாக்டர்கள். விருந்தினர் உரைகள், பரிசளிப்பு, காபி எஸ்டேட்டில் நடை, குடும்பத்தாருக்கு ஏரியில் படகு. நான் இங்கே விருந்து மண்டபத்தின் சூப்பர்வைசர். தண்ணீர் பாட்டில் வைப்பது முதல் கேள்வி நேரத்தில் மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடுவது வரை என் தலையில்தான். தியேட்டர் நர்ஸாக இருந்தவளுக்கு இந்த வேலை எப்படி வந்தது என்று கேட்டால், கோவிந்தராஜால் வந்தது.

2019இல் சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஏற்காட்டுப் பக்கம் வாழவந்தியிலிருந்து கண்ணாயி என்று ஒரு அம்மா பித்தப்பைக் கல்லோடு வந்தார். வயிற்றில் சிறு துளை போட்டு, கேமராவை உள்ளே விட்டு, திரையைப் பார்த்துச் செய்கிற ஆபரேஷன். ரத்தம் துடைக்கச் சின்னச் சின்னக் காஸ் துணிகளை அந்தத் துளை வழியாகவே உள்ளே விடுவார்கள். எத்தனை உள்ளே போனது, எத்தனை வெளியே வந்தது என்று எண்ணுவது நர்ஸ் வேலை. நான் எண்ணினேன். ஒன்று குறைந்தது. "சார், ஒண்ணு வரலைங்க" என்றேன். கோவிந்தராஜ் கேமராவை ஒரு சுற்றுச் சுற்றினார். "எல்லாம் வந்துருச்சு, உனக்கு எண்ணத் தெரியல" என்றார். அடுத்த ஆபரேஷனுக்கு நேரமாகிவிட்டது. தைத்துவிட்டார். சுவரில் இருந்த எண்ணிக்கைப் பலகையை அடுத்த கேஸுக்காக யாரோ துடைத்தார்கள்.

ஏழு மாதம் கழித்து வேறொரு ஆஸ்பத்திரியில் கண்ணாயியின் வயிற்றைத் திறந்து, சீழ் பிடித்த துணியை எடுத்தார்கள். அதோடு ஒரு முழம் குடலும் போயிற்று. எங்கள் ஆஸ்பத்திரியில் விசாரணை வைத்தார்கள். "எண்ணிக்கை சரின்னு சிஸ்டர்தான் சொன்னாங்க" என்றார் கோவிந்தராஜ். ஆபரேஷனைப் பதிவு செய்த வீடியோவைக் கேட்டார்கள். "அன்னைக்கு மெஷின் வேலை செய்யலைங்க" என்றார். நான் கத்தினேன், அழுதேன், ஒன்றும் எடுபடவில்லை. என்னை வெளியே அனுப்பினார்கள். அதற்குப் பிறகு எந்த ஆஸ்பத்திரியும் என்னை உள்ளே விடவில்லை.

வேலை போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் அந்தக் கண்ணாயிதான் இப்போது எங்கள் ஹோட்டல் சமையலறைக்குக் கொய்யாவும் பட்டர் ஃப்ரூட்டும் கொண்டுவந்து போடுகிறார். முன்பு தலையில் சுமந்த கூடையை இப்போது பஸ் நிறுத்தத்திலிருந்து தரையில் இழுத்துக்கொண்டு வருவார். என்னைக் கண்டால் நின்று, பக்கத்தில் காறித் துப்புவார்.

"மரியசெல்வின்னு ஆஸ்பத்திரியில பேரு சொன்னாங்க. எம் வயித்துல துணிய வெச்சுத் தெச்சவ. சோறு எறங்குதா உனக்கு?"

ஆறு வருடமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் இல்லை என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். டாக்டர் சொன்னதை நம்பாமல் என்னையா நம்புவார்?

வெள்ளிக்கிழமை மதியம் மண்டபத்தில் மறுநாள் நிகழ்ச்சிக்கான வீடியோக்களைப் போட்டுச் சரிபார்த்தார்கள். இந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. 'வெட்டாத படம்' என்று ஒரு போட்டி. ஆபரேஷனை ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரு நொடிகூட வெட்டாமல் காட்ட வேண்டும். வெட்டவில்லை என்பதற்குச் சாட்சியாக மூலையில் ஓடும் தேதியும் நேரமும் தெரிய வேண்டும். நோயாளி பெயரை மட்டும் கறுப்புப் பட்டை போட்டு மறைக்கலாம். ஜெயித்தவருக்குத் தங்கப் பதக்கம்.

நான் மேடையில் பாட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன். திரையில் கோவிந்தராஜின் படம் ஓடியது. பதினேழு நிமிடத்தில் பித்தப்பை. மூலையில் 14-08-2019.

கண்ணாயிக்கு ஆபரேஷன் நடந்த நாள். மெஷின் வேலை செய்யாத நாள்! அந்த மனிதர் படத்தைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். ஏன் என்று எனக்கு உடனே புரிந்தது. அவர் வாழ்க்கையிலேயே வேகமாகச் செய்த ஆபரேஷன் அது. அழிக்க மனம் வரவில்லை. காட்டாமல் இருக்கவும் மனம் வரவில்லை. இருநூறு சர்ஜன் பார்த்தால் என்ன? சர்ஜன்களின் கண் கத்தி முனையில் இருக்கும், ரத்தக் குழாயில் இருக்கும். துணியை எவரும் பார்க்க மாட்டார்கள். துணியைப் பார்ப்பது நர்ஸ். நர்ஸ்களை இந்தக் கூட்டத்துக்கு யாரும் கூப்பிடுவதில்லை.

நின்ற இடத்திலேயே முழுவதும் பார்த்தேன். மூன்று போனது. இரண்டு வந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர் காதுக்குப் போகும், படம் மாறிவிடும். சமையலறைக்குப் போய் ஒரே ஒரு காரியம் செய்தேன். "நாளைக்குப் பழம் காலையில வேண்டாம், பதினொரு மணிக்குக் கொண்டாரச் சொல்லுங்க" என்றேன். மண்டபத்தில் பேசுவது சமையலறையிலும் கேட்கும். டீ எப்போது அனுப்புவது என்று தெரிவதற்காக அங்கே ஒரு ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறோம்.

சனிக்கிழமை பதினொன்றே கால். படம் முடிந்ததும் கைதட்டல் கூரையைப் பிய்த்தது. கோவிந்தராஜ் மேடையில் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அடக்கத்தைப் பார்த்துத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலைமை வகித்தவர் டாக்டர் சாரா, கோவையிலிருந்து வந்த விருந்தினர், நரைத்த தலையோடு ஒல்லியான அம்மா. கேள்விகள் உண்டா என்று கேட்டார். மூன்று பேர் கை தூக்கினார்கள். நான் மைக்கோடு நடந்தேன். யாரிடமும் கொடுக்கவில்லை. நடுவில் நின்று என் வாய்க்கே கொண்டுபோனேன். எல்லோரும் ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கும் வரும். ஆனால் நான் தமிழில் கேட்டேன்.

"டாக்டருங்களுக்கு வணக்கம். இது 2019, ஆகஸ்ட் பதினாலு, சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் சேலத்துல நடந்த ஆபரேஷன். அன்னைக்குத் துணி எண்ணுன நர்ஸ் நான்தான், மரியசெல்வி. உள்ள போனது மூணு. வெளிய வந்தது எத்தனைன்னு மட்டும் தயவுசெஞ்சு எண்ணிச் சொல்லுங்க."

கோவிந்தராஜ் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். முதல் முறையாக!

"யாருங்க இந்தம்மா? மைக்கை வாங்குங்க!"

எங்கள் மேனேஜர் மேக்ஸ்வெல் பாய்ந்து வந்தார். "அவரை விடுங்க" என்றார் சாரா. பிறகு படம் ஓட்டுகிறவரைப் பார்த்து, "ஒன்பதாவது நிமிஷத்திலிருந்து மறுபடி போடுங்க."

போட்டார்கள். இந்த முறை இருநூறு பேரும் துணியைப் பார்த்தார்கள். ஒன்று ஏற்கெனவே போய் வந்துவிட்டது. இன்னும் இரண்டு உள்ளே போனது. ரத்தத்தில் நனைந்து ஒன்று கல்லீரலுக்குப் பின்னால் வழுக்கியது. ஒன்று வந்தது. முன்வரிசையில் யாரோ வாய்விட்டே எண்ணினார்கள். படம் முடிந்தது. கைதட்டல் இல்லை.

"எண்ணிக்கை நர்ஸோட பொறுப்பு" என்றார் கோவிந்தராஜ். "சரியா இருக்குன்னு அவங்கதான் சொன்னாங்க."

"அப்படியா?" என்றார் சாரா. "பதினாறாவது நிமிஷத்துல கேமரா திடீர்னு திரும்பி, கல்லீரல் பக்கமும் குடல் பக்கமும் ஒரு சுத்து சுத்துது. பித்தப்பையை எடுத்து முடிச்சாச்சு, ரத்தக்கசிவும் இல்ல. எண்ணிக்கை சரின்னு சொல்லியிருந்தா, நீங்க எதைத் தேடினீங்க டாக்டர்?"

துணி குறைந்தால்தான் கேமரா அப்படிச் சுற்றும் என்பது அந்த மண்டபத்தில் இருந்த ஒவ்வொரு சர்ஜனுக்கும் தெரியும். தேடச் சொன்னவள் நான். அவர் தேடியது நான்கு நொடி. மூலையில் கடிகாரம் ஓடுகிறது, வேண்டுமானால் எண்ணிக்கொள்ளலாம்.

"இந்த நாள்ல வீடியோ மெஷின் வேலை செய்யலைன்னு விசாரணையில சொன்னாருங்க" என்றேன். சொல்லிவிட்டு மைக்கை மேக்ஸ்வெல் கையில் கொடுத்தேன். சாரா பேனாவை எடுத்துத் தேதியைக் குறித்துக்கொண்டார். மேடையில் பட்டுத்துணி விரித்த தட்டில் தங்கப் பதக்கம் அப்படியே கிடந்தது. அவமானத்தில் கோவிந்தராஜ் நிற்பதைக் கண்குளிரப் பார்த்தேன். பரிதாபம் வருமோ என்று பார்த்தேன், வரவில்லை.

"உன் வேலை போச்சு மரியா" என்று கிசுகிசுத்தார் மேக்ஸ்வெல்.

"தெரியுங்க சார்."

பக்கவாட்டுக் கதவு வழியாகச் சமையலறைத் தாழ்வாரத்துக்கு வந்தேன். கண்ணாயி நின்றிருந்தார். காலடியில் கொய்யாக்கூடை கவிழ்ந்து, பழங்கள் உருண்டு கிடந்தன. அவர் குனியவில்லை. ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். துப்பவில்லை.

"ஏம்மா, அந்தச் சுதந்திர தினத்துக்கு மொதநாளு... அது நாந்தானே?"

"நீங்கதானுங்க அக்கா."

"நீ அப்பவே சொன்னியா?"

"சொன்னேனுங்க."

கண்ணாயி கிட்டே வந்தார். என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடி வலித்தது. ஆறு வருடம் என் மேல் துப்பியதற்கு மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். அவருக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

"அந்த ஆளு இன்னும் உள்ளாரதான் இருக்கானா?"

"இருக்காருங்க. மேடையில."

கண்ணாயி சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார். மார்புக்குக் கீழிருந்து தொப்புளைத் தாண்டி இறங்கும் தழும்பு முழுசாக வெளியே தெரிந்தது. அதை மறைக்க அவர் கை போகவில்லை.

"வா கண்ணு. ஆளு எவன்னு மட்டும் காட்டு."

நான் மண்டபத்தின் பெரிய கதவை, விருந்தினர்களுக்கான இரட்டைக் கதவை, இரண்டு பக்கமும் விரியத் திறந்தேன். இருநூறு தலைகள் திரும்பின. கையை நீட்டி மேடையைக் காட்டினேன்.