மீன்தொட்டிக்கு வந்த விளக்கு

மெட்ராஸ் ஐ என்றால் பீளை தள்ளியிருக்க வேண்டுமே. காலையில் இமை ஒட்டிக்கொண்டிருக்க வேண்டுமே. எனக்கும் ஒட்டவில்லை, குழந்தைக்கும் ஒட்டவில்லை. மணலை அள்ளிக் கண்ணில் போட்டது போலத்தானே இருந்தது?

சேமியாவை வறுத்தபடி ஜாஹிதா இதையே மனசுக்குள் புரட்டிக்கொண்டிருந்தாள். நாத்தனார் சாகிராவைப் பெண் பார்க்கத் திண்டிவனத்திலிருந்து வருகிறார்கள். பஸ் இந்நேரம் செஞ்சிக்கு வந்திருக்கும்.

முன்னறையில் அவள் கணவன் சைபுதீன் மீன்தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். போன வருஷம் உடம்பெல்லாம் உப்பைத் தூவியது போல வெள்ளைப் புள்ளி கண்டு மீன்கள் ஒவ்வொன்றாக மல்லாந்தபோது, சோறு இறங்காமல் கிடந்தவன். சிங்கப்பூர் சிநேகிதனிடம் சொல்லி இந்த விளக்கை வரவழைத்தான். கறுப்புக் குழாய்க்குள் விளக்கு எரியும். சின்ன மோட்டார் தொட்டித் தண்ணீரை அதன் வழியாக ஓட்டும். தண்ணீரில் மிதக்கும் நோய்க்கிருமி அந்த வெளிச்சம் பட்டுச் செத்துப்போகும். அதற்கப்புறம் புள்ளி வரவில்லை. ஜாஹிதாவுக்கே அந்த விளக்கின் மேல் ஒரு மரியாதை இருந்தது.

ஆனால் டேப் ரெக்கார்டரெல்லாம் வீட்டுக்கு வீடு வந்துவிட்ட ஊரில், யாரிடமும் இல்லாத சாமான் குழாய்க்குள் ஒளிந்து கிடப்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை விளக்கை உருவித் தொட்டிக்கு மேலே சுவரில் மாட்டி எரியவிட்டான். அறையெல்லாம் நீலம். மகள் ரோஷன் அதன் கீழேயே உட்கார்ந்து படம் வரைந்தாள். ஜாஹிதா பக்கத்தில் பூக்கட்டினாள். விடிவதற்குள் இரண்டு பேருக்கும் கண் திறக்க முடியவில்லை. ஏழு வயசுக் குழந்தை ஜன்னல் வெளிச்சத்துக்கே அலறியது.

ஊரில் மெட்ராஸ் ஐ நடமாடிய நேரம். சைபுதீன் அதுதான் என்றான். மாப்பிள்ளை வீட்டுக் காதுக்குப் போகக்கூடாதென்று அவள் வாயை அடைத்தான். விளக்கு குழாய்க்குள் போனது. கண்ணும் தானாகத் தெளிந்தது. அடுத்த தடவை தெளியாமல் போனால்?

இன்று மறுபடியும் அது சுவரில் ஏறியிருந்தது.

“ஏங்க, கொழாய்க்குள்ளவே இருக்கட்டுமே.”

“உள்ள எரிஞ்சா எவனுக்குத் தெரியும்? கக்கூஸ் பைப்புன்னு நெனச்சுக்குவான். செஞ்சிக்கு வர்றவன்லாம் கோட்டையப் பாத்துட்டுப் பூடறான். இவங்களாவது நம்ம தொட்டியப் பாக்கட்டும்.”

“அன்னிக்கு எங்க கண்ணு...”

“நானும்தான பக்கத்துல இருந்தேன்? எனக்கு இன்னா ஆச்சு? மீனுக்கு இன்னா ஆச்சு? உனக்கு எல்லாத்துக்கும் டென்ஷன்.”

அவன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டான். அவள் அதையே பார்த்தாள். அந்த வெளிச்சத்தைக் கண்ணாடி தடுத்திருக்குமோ? மீன் தண்ணீருக்குள் இருந்ததால் தப்பித்ததோ? எதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை. தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு புருஷனை எப்படி எதிர்ப்பது? தெரியாத ஒன்றின் கீழே குழந்தையை மட்டும் எப்படி நிறுத்துவது?

“அண்ணி,” என்று உள்ளேயிருந்து சாகிரா குரல் கொடுத்தாள், “வர்றவங்க என்னப் பாக்க வர்றாங்களா, மீனப் பாக்க வர்றாங்களான்னு அண்ணனக் கேளு.”

வந்தார்கள். நாற்காலிகள் நிறைந்தன. பையனின் அக்காள் மடியில் ஒரு கைக்குழந்தை இருந்தது. சைபுதீன் ரோஷனைத் தொட்டியருகே ஸ்டூலில் ஏற்றி, ஒவ்வொரு மீனின் பெயரையும் சொல்ல வைத்தான். அவர்கள் சிரித்தார்கள். அவன் உற்சாகமாக ஜன்னலைச் சாத்தினான்.

“இப்பப் பாருங்க. ஜாஹிதா, சுவிட்சப் போடு.”

சுவிட்ச் சமையலறை வாசலில், அவள் தோளருகே இருந்தது. வெளிச்சம் வரப்போகிறதென்று ரோஷன் கண்ணை அகலத் திறந்து அண்ணாந்தாள். கைக்குழந்தையும் அதே பக்கம் திரும்பியது.

ஜாஹிதா கையிலிருந்த சேமியாத் தட்டைக் கீழே வைத்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சுவிட்சுக்கு முன்னால் வந்து நின்றாள்.

“இன்னா, காதுல வுழலியா?”

“வுழுந்துதுங்க,” என்றாள் மெல்ல, எல்லாருக்கும் கேட்கும்படி. “நான் போடமாட்டேன்.”